கேமராவை வீட்டில் விட்டுப் போனவனின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வெளிநாடு போகிறவர்களுக்கு யோசனைகள் எழுதியிருந்தீர்கள். விசா, பணம் மாற்றுவது, மருந்து மாத்திரை பற்றியெல்லாம் சொன்னது உபயோகமாக இருந்தது. ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது: விலை உயர்ந்த கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், செல்போன் போதும். 2018-ல் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அப்படியே செய்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

நீலகிரி மலையில் பந்தலூரில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். அம்மா இலங்கையில் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவான ஐந்தே கால் லட்சம் பேர் கணக்கில் அம்மாவின் குடும்பமும் சேர்ந்தது. 1974-ல், 14 வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தார். பிறகு டான்டீ என்று ஆன அரசுத் தோட்டத்தில் ஓய்வு பெறும் வரை கொழுந்து பறித்தார். பிறந்த லயத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளை இங்கே நாம் லைன் வீடு என்கிறோம், அங்கே லயம் என்பார்கள்.

2018 ஆடியில் கூட்டிப் போனேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை, எங்களுக்கு அதுதான் விடுமுறை. அப்போது கேமராவுக்குச் சீட்டுப் பணம் இன்னும் எட்டு மாதம் பாக்கி. ரயிலில் யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது, மழையில் நனைந்தால் ஆவணிக் கல்யாணங்களுக்கு எதை வைத்துப் படம் எடுப்பது என்று பயம். இன்ஷூரன்ஸும் இந்தியாவுக்குள் மட்டும்தான். சரி, செல்போன் போதும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அட்டனில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்து அந்தத் தோட்டத்துக்குப் போனோம். லயம் அப்படியே இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அடுப்புப் புகையில் கறுத்த சுவர், ஒரே ஒரு சின்ன பல்பு. அம்மா உள்ளே போய்ச் சுவரில் ஓர் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அங்கேதான் தாத்தா ஆணி அடித்துச் சாமி படம் மாட்டியிருந்தாராம். செல்போனில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் அம்மாவின் முகம் மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது. சுருக்கங்கள் இல்லை, கண்ணில் இருந்த நீர் இல்லை. ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் சின்னதாக இருந்தால் இருட்டில் புள்ளி புள்ளியாகத்தான் பதிவு செய்யும். அந்தப் புள்ளிகளை அழிக்கும்போது போன் முகத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. செல்போன் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். நான் பூட்டி வைத்த கேமராவில் அது 36-க்கு 24 மில்லிமீட்டர். தொழில் தெரிந்தவன் நான், இதை யோசித்திருக்க வேண்டும்.

மறுபடி போகலாம் என்று இருந்தோம். 2019-ல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா. 2021-ல் அம்மா போய்விட்டார்.

போன ஆடியில் தனியாகப் போனேன். இப்போதுள்ள கேமரா சுல்தான் பத்தேரியில் ஒரு போட்டோகிராபரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 1,60,000 ரூபாய். எடுத்துப் போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் தூக்கம் இல்லை. கடைசியில் முடிவு பண்ண உதவியது எங்கள் ஊர் மழைதான். ஆடியில் பந்தலூரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பீரோவில் இருக்கும் லென்ஸும் பத்திரம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் அப்படி வைத்துவிட்டுப் போன லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடித்து, கழற்றித் துடைத்தும் சரியாகவில்லை. ஈரம் ஏறாமல் இருக்க ஜீரோ வாட் பல்பு போட்ட மரப்பெட்டி வைத்திருக்கிறேன், ஆனால் இங்கே மழை நாளில் கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேமராவுக்கு வீடுதான் பாதுகாப்பு என்று சமவெளியில் இருப்பவர் சொல்லலாம், மலையில் அது சரியாக வராது.

எடுத்துப் போவது என்று ஆனதும் மூட்டையைக் குறைத்தேன். பெரிய ஜூம், பிளாஷ் எல்லாம் தம்பி வீட்டில். ட்ரோனுக்கு அங்கே விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அதனால் அது கிளம்பவே இல்லை. ஒரு கேமரா பாடி, இருட்டுக்கு ஏற்ற 35 எம்.எம். லென்ஸ் ஒன்று, இரண்டு பேட்டரி. உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. படம் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்து, ராத்திரி ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கேமரா போனாலும் படம் மிஞ்ச வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

இன்னொன்று, இதைத்தான் உங்கள் பத்திரிகை விரிவாக எழுத வேண்டும் என்று கேட்கிறேன். வெளிநாட்டுக்கு விலை உயர்ந்த பொருளைக் கொண்டு போகும்போது, புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டி ஒரு சான்றிதழ் வாங்கலாம். பாடியின் சீரியல் நம்பரும் லென்ஸின் சீரியல் நம்பரும் அதில் இருக்கும். திரும்பி வரும்போது ‘இதை அங்கே வாங்கினீர்களா’ என்று கேட்டால் அதைக் காட்டினால் போதும், வரி என்ற பேச்சு வராது. கடை பில் இருப்பவர்கள் அதைக் காட்டிச் சமாளிக்கலாம். என்னைப் போல செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களிடம் பில் ஏது? நான் புறப்பட்ட இடத்தில் அதை எங்கே வாங்குவது என்று ஒரு பலகை இல்லை. மூன்று பேரைக் கேட்டேன், மூவரும் வெவ்வேறு திசையைக் காட்டினார்கள். முக்கால் மணி நேரம் அலைந்து, குடியேற்ற வரிசைக்குப் போகும் நேரத்தில் வாங்கினேன். தமிழில் ஒரு பலகை வைத்தால் எத்தனை பேருக்கு நிம்மதி.

அந்த லயத்துக்குப் போனபோது நல்ல மழை. குளிரிலிருந்து அடுப்பு எரியும் அறைக்குள் நுழைந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிட்டது. துடைத்தால் மறுபடி மூடும், சூடு சமமாகும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இருபது நிமிடம் பிளேன்டீ குடித்துக்கொண்டு பேசினோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அம்மாவோடு ஒன்றாகப் படித்தவர். “ஒங்கம்மா கப்பலுக்குப் போற அன்னைக்கு என் ரிப்பனை வாங்கிட்டுப் போனா தம்பி, திருப்பித் தரவே இல்ல” என்று சொல்லிச் சிரித்தார், அப்புறம் அழுதார். பனி விலகியதும் அதே பல்பு வெளிச்சத்தில், அம்மா தடவிய அதே சுவர் ஓரத்தில் அவரை உட்கார வைத்து எடுத்தேன். ஒவ்வொரு சுருக்கமும் இருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று கூப்பிட்டார்கள். பல வீடுகளில் குடும்பமாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. இரண்டு நாளில் 23 குடும்பங்களை எடுத்தேன். ஊருக்கு வந்து எல்லாவற்றையும் 12-க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு அனுப்பினேன்.

கடைவீதியும் கடற்கரையும் பார்க்கப் போகிறவர்களுக்கு நீங்கள் எழுதியது சரிதான். ஆனால் கோத்தகிரியிலும் குன்னூரிலும் சேரம்பாடியிலும் பெற்றோர் பிறந்த லயத்தைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் நல்ல கேமராவை எடுத்துப் போங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவரைக் கேளுங்கள். பந்தலூர் பக்கம் இருந்தால் என்னைக் கேளுங்கள், நானே தருகிறேன்.

அடுத்த ஆடியில் மறுபடி போகிறேன். போன முறை வீட்டு ஆட்கள் தேயிலை மலைக்கு வேலைக்குப் போயிருந்ததால் எடுக்க முடியாமல் போன நான்கு வீடுகள் பாக்கி இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு கல்யாண போட்டோகிராபர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்