வரைபடத்துக்குக் கீழே இரண்டு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டெங்கு முன்கணிப்பு பற்றிய கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது: "ஆர்வலர்கள் ஓய்வுநேரத்தில் எழுதிப் போடும் மென்பொருளை நம்பிக் கொள்ளைநோய்க் கணக்குப் போடுவது ஆபத்து." கட்டுரையாளர் மூத்தவர், மரியாதைக்குரியவர். ஆனாலும் அந்த வரி உறுத்துகிறது. ஆபத்து உண்மையில் எங்கிருந்து வந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறவில்லை. ஆய்வகங்களின் கோப்புகளை எக்ஸெல் அட்டவணையின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ்ஸில் ஏற்றியிருந்தார்கள். அதில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. ஒருவருக்கே பல வரிசை தேவைப்பட்டதால் சுமார் 1,400 பேரோடு தாள் நிறைந்துவிட்டது. மீதி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விடுபட்டது. தொற்றியவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தள்ளிப்போனது. உள்ளே போன வரிசைகளையும் வெளியே வந்த வரிசைகளையும் எண்ணி ஒப்பிடும் ஒரே ஒரு சோதனை இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். பலர் சேர்ந்து எழுதி, நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்துவைக்கும் நல்ல திறந்தமூல மென்பொருள் தொகுப்புகளில் இப்படிப்பட்ட சோதனைகள் ஒவ்வொரு திருத்தத்தின் போதும் தானாக ஓடும். தேறாத திருத்தத்தைச் சேர்க்க மாட்டார்கள்.

கோவிட் பரவலைக் கணினியில் கணித்த, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 'அறிக்கை 9' இன்னோர் உதாரணம். 2020 மார்ச் 16 அன்று வெளியாகி, பிரிட்டன் அரசின் போக்கையே மாற்றியது. அதன் நிரல், விளக்கக் குறிப்பே இல்லாத பல ஆயிரம் வரி சி மொழி என்றும், ஃப்ளூவுக்காகப் பதின்மூன்று ஆண்டுகளுக்கும் முன் எழுதியது என்றும் அந்தக் குழுவின் தலைவர் நீல் ஃபெர்குசனே சொன்னார். வெளியாள்கள் உட்கார்ந்து சீரமைத்த பிறகுதான் ஏப்ரல் இறுதியில் அது, நிரல்களைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்துக்கு வந்தது. வந்ததும் திட்டுகள் குவிந்தன. ஆனால் கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் எக்லன் அதை ஓட்டிப் பார்த்து, அறிக்கையின் எண்கள் மீண்டும் கிடைக்கின்றன என்று ஜூன் தொடக்கத்துக்குள் சான்றளித்தார். நிரல் திறந்திருந்ததால்தான் திட்டவும் முடிந்தது, சரிபார்க்கவும் முடிந்தது.

நிரல் கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான். 2019 ஏப்ரலில் புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழியின் 3.6.0 பதிப்பு வந்தபோது, சீரற்ற மாதிரி எடுக்கும் முறை மாறியது. சீரற்ற எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண் அதுவே, நிரல் அதுவே, ஆனால் 3.5-இல் வந்த மாதிரி 3.6-இல் வராது. கட்டுரையில் "ஆர் பயன்படுத்தினோம்" என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் என்ன செய்வார்? மொழியின் பதிப்பு, ஒவ்வொரு தொகுப்பின் பதிப்பு இரண்டையும் பூட்டிவைக்கும் கோப்பை நிரலோடு தர வேண்டும். ஆர் மொழிக்கான ஆர்என்வ் (renv) என்ற கருவி அதை ஒரு கட்டளையில் எழுதிக் கொடுக்கும். இயங்குதளத்தையும் சேர்த்துக் கட்ட டாக்கர் (Docker) என்ற மென்பொருள் இருக்கிறது. உரிமக் கோப்பு இல்லாத நிரலைப் பார்க்கலாம், சட்டப்படி எடுத்துத் திருத்த முடியாது. இதைப் பத்து பேரில் ஒருவராவது கவனித்தால் நன்றாயிருக்கும். உண்மைத் தரவைத் தர முடியாவிட்டால், அதே நெடுவரிசைகளோடு ஐம்பது பேருக்கான செயற்கைப் பட்டியலாவது வையுங்கள். நிரல் ஓடுகிறதா என்றாவது பார்க்கலாம்.

"நோயாளி ரகசியம், கேட்டால் தருவோம்" என்ற பதிலையும் எத்தனை காலம் கேட்பது! 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆய்வை ஜூன் 4 அன்று திரும்பப் பெற்றார்கள். அதன் மூலத் தரவைச் சுயேச்சையாகப் பார்க்க யாருக்கும் வழியில்லாமல் போனதே காரணம். அதே ஆண்டு இங்கிலாந்தின் ஓபன்சேஃப்லி ஆய்வுக் குழு, நோயாளிப் பதிவேடுகளை இருந்த இடத்திலேயே வைத்து, நிரலை மட்டும் உள்ளே அனுப்பி, 1.7 கோடிப் பேரின் தரவை ஆராய்ந்தது. ஓடிய நிரல் முழுவதும் பொதுவில் இருக்கிறது. ரகசியமும் காக்கப்பட்டது.

நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டு கோவிட் அறிக்கைகளில் ஒவ்வொரு மரணத்துக்கும் வயது, இணைநோய், அனுமதித்த நாள், இறந்த நாள் எல்லாம் இருந்தன. அருமையான தரவு, ஆனால் பிடிஎஃப் பக்கங்களுக்குள். 2020 ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 மரணங்களை ஒரே நாளில் சேர்த்தார்கள். அறிவித்த தேதியை வைத்து வரைந்தால் அன்றைக்கு ஒரே நாளில் ஏராளமானோர் இறந்ததுபோல் ஒரு முள் எழும். தங்கள் கட்டுரையின் வரைபடம் எந்தத் தேதியை வைத்து வரைந்தது? காய்ச்சல் தொடங்கிய நாளா, பரிசோதனை நாளா, அறிவித்த நாளா? எங்குமே இல்லை.

மாவட்டக் கோளாறும் அப்படித்தான். 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2011 கணக்கெடுப்பில் பிரியாத வேலூருக்கு இருந்த 39 லட்சம் மக்கள்தொகையாலேயே இன்றைய வேலூர் எண்ணிக்கையை வகுத்தால், நோய் பாதிக்கும் கீழே இறங்கியதாகத் தெரியும். பெயரை வைத்து இணைக்காமல் மாவட்டக் குறியீட்டு எண்ணை வைத்து இணைக்க வேண்டும். தூத்துக்குடியை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதிய கோப்புகளில் அது இரண்டு மாவட்டமாகிவிடும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பத்தைத் தவிர்க்க ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதினால் போதும். இவற்றையெல்லாம் ஒருவர் ஒருமுறை எழுதி, பிறர் திருத்தி, எல்லோரும் பயன்படுத்தத்தான் கூட்டுத் தொகுப்புகள். நோய்ப்பரவல் ஆய்வுக்கான எபிவர்ஸ் தொகுப்புகளை லண்டன், காம்பியா, கொலம்பியா ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அல்ல.

ஓய்வுநேரத்தில் உழைத்தவர்களும் உண்டு. மாநில அறிக்கைகளைத் தினமும் தட்டச்சு செய்து கோவிட்19இந்தியா தளத்தை 2021 அக்டோபர் 31 வரை நடத்திய தன்னார்வலர்கள் அவர்கள். பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் அந்த எண்களை எடுத்தாண்டார்கள். அவர்களைப் போன்றவர்களை 'ஆபத்து' என்று அச்சிட்டது வருத்தமளிக்கிறது.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி நோய் வரைபடம் வெளியிடும்போது அதன் கீழே இரண்டு வரி சேருங்கள்: எந்தத் தேதியை வைத்து வரைந்தது, நிரல் எங்கே எந்தப் பதிப்பில் இருக்கிறது. இடம் போதாவிட்டால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நோய்த் தரவுப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
வேலூர்.