அந்த ரத்த டெஸ்ட்ல அம்மாவையும் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கெழம மருத்துவப் பக்கத்துல கர்ப்பிணிகளுக்கு எடுக்குற என்ஐபிடி ரத்த டெஸ்ட் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கொழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்குறதால வர்ற பிறவிக் கோளாறு) இருக்குமா இருக்காதான்னு பாக்குறதோட முடிச்சிட்டீங்க, அம்மாவப் பத்தி ஒரு வரி கூட இல்ல. (போட்ட படத்துல கூட வயிறு மட்டும்தான், மொகத்தக் காணோம்!)

அமெரிக்கா டாக்டர் டயானா பியாங்கி பத்தி எழுதியிருக்கலாம். பச்சக்கொழந்த வைத்தியம், மரபியல் ரெண்டும் படிச்சவங்க. வயித்துல ஊசி குத்தி பனிக்குட தண்ணி எடுக்காம, அம்மா ரத்தத்துலயே கொழந்தையோட செல்லப் புடிச்சிடலாம்னு வருஷக்கணக்கா தேடுனாங்க. 1996ல பாத்தா, ஆம்பளப் புள்ள உண்டாகி 27 வருஷம் ஆன ஒரு அம்மா ரத்தத்துல இன்னும் ஆண் செல் இருக்கு! அப்ப கெடைக்கிற செல் இப்ப வயித்துல இருக்குறதோடதா, மூத்ததோடதான்னு எப்படிப் பிரிப்பீங்க? அடுத்த வருஷம் டெனிஸ் லோங்குற ஆராய்ச்சியாளரோட குழு, செல்லுக்கு வெளிய ரத்தத்துல மெதக்குற கொழந்த டிஎன்ஏவ கண்டுபுடிச்சாங்க, அது பிரசவம் ஆனதும் சீக்கிரமே போயிடும், அதனால அந்தக் கொழப்பம் இல்ல. இந்த டிஎன்ஏவ வெச்சுத்தான் என்ஐபிடி பாக்குறாங்க. 2014ல பியாங்கி குழு 1,914 பேர்கிட்ட ஒப்பிட்டதுல, டவுன் சிண்ட்ரோம்னு தப்பா பயமுறுத்துறது பழைய ஸ்கிரீனிங் முறையில 3.6 சதவீதம், என்ஐபிடில 0.3தான்.

ஆனா அந்த ரத்தத்துல மெதக்குற டிஎன்ஏல பெரும்பங்கு அம்மாவோடது. அவங்க ஒடம்புல தெரியாம ஒரு கட்டி இருந்தா அதோட டிஎன்ஏவும் அதுலதான் கலந்திருக்கும், ரிப்போர்ட் கோணலா வரும், கொழந்தைக்கு ஒண்ணும் இருக்காது. பியாங்கியும் சேந்து செஞ்ச ஆய்வு 2024 டிசம்பர்ல வந்துச்சு, அப்படி விசித்திரமான ரிப்போர்ட் வந்த 107 பேரத் தேடிப்புடிச்சு சோதிச்சதுல 52 பேருக்கு கேன்சர். சும்மா தொட்டுப் பாக்குறதும் சாதாரண லேப் டெஸ்ட்டும் பெருசா ஒதவல, முழு ஒடம்பு எம்ஆர்ஐதான் காட்டிக்குடுத்துச்சு. எல்லா கர்ப்பிணியும் பயப்பட வேண்டாம், இது பொறுக்கி எடுத்தவங்க கணக்கு. ஆனா ஒரே சமயத்துல பல குரோமோசோம்ல கணக்கு இடிக்குதுன்னா, "திரும்ப ரத்தம் குடுங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்புறது சரியில்ல, அம்மாவையும் பாக்கணும்.

இன்னொண்ணு, இது ஸ்கிரீனிங்தான், முடிவு இல்ல. பிரச்சனன்னு வந்தா பனிக்குட தண்ணி டெஸ்ட் மாதிரி ஒண்ணு பண்ணி உறுதி பண்ணணும், அதுக்கு முன்னாடி யாரும் கர்ப்பத்தக் கலைக்க ஓடக்கூடாது. அடுத்த வாரம் இது ரெண்டையும் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை