மேலே ஓடுகிற வண்டி

நாமக்கல்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஜப்பானில் உங்கள் சுக்குபா விண்வெளி மையத்தில் கோனோதோரி சரக்குக் கலத்துக்கு முன்னால் நின்று நீ எடுத்த போட்டோவை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். "உங்க தொழில்தான்ப்பா, மேல ஓடுது" என்று எழுதியிருந்தாய். காலமெல்லாம் லாரியோடு கிடந்தவனிடம் இப்படிச் சொன்னால் சும்மா இருப்பேனா? தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் எடைக் கணக்கைத்தான் பார்த்தேன். 2015 ஆகஸ்டில் கோனோதோரி ஏற்றிப் போனது ஐந்தரை டன் சரக்கு. நம்மூர் ஆறு சக்கர வண்டிக்கு அது அரை லோடு. அதைத் தூக்கிய ராக்கெட் கிளம்பும்போது 530 டன்! அது போய்ச் சேர்ந்த சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கும் உயரம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர்தான். இங்கிருந்து மெட்ராஸ் போய்ச் சேருகிற தூரம். ஆனால் மேலே ஏறினால் மட்டும் போதாதாம். மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நிலையத்தோடு அதே வேகத்தில் கூடவே ஓட வேண்டும். எரிபொருள் பெரும்பாலும் உயரத்துக்கு அல்ல, அந்த வேகத்துக்குத்தான் செலவாகிறது.

கோனோதோரி கீழேயிருந்து மெல்ல ஏறி, நிலையத்துக்குப் பத்து மீட்டர் தள்ளி நின்றுகொண்டது. நிலையத்துக்குள் இருந்தவர் இயந்திரக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். ரஷ்யர்களின் ப்ரோக்ரஸ் சரக்குக் கலத்துக்கு அதுகூட வேண்டாம். 1978 ஜனவரியில் சல்யூத் 6 என்ற அவர்களுடைய பழைய நிலையத்துக்குப் போன முதல் வண்டியிலிருந்தே ஆள் இல்லாமல் தானே போய்ப் பொருந்துகிறது. 1997 ஜூனில் ரேடாரை அணைத்துவிட்டு, கையால் ஓட்டிச் சேர்க்க முடியுமா என்று அவர்களுடைய மிர் நிலையத்தில் சோதித்தார்கள். வண்டி நிலையத்தில் மோதி, ஒரு பகுதியில் ஓட்டை விழுந்து காற்று கசிந்தது. கதவு வழியாக ஓடிய கேபிள்களைக் கழற்றியும் வெட்டியும் அந்தப் பகுதியின் கதவை அடைத்துத் தப்பித்தார்கள். பெரும்பாலும் கேமராப் படத்தை நம்பி ஓட்டியவரைக் குறை சொல்ல, ஒரு டிரைவராக எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு ஒப்பாத விஷயம் ஒன்று உண்டு. ரிட்டன் லோடு கிடையாது. இறக்கின இடத்தில் குப்பையை ஏற்றிக்கொண்டு கிளம்பி, வண்டியே கடலுக்கு மேலே எரிந்துபோகிறது. கொண்டு போன சரக்குக்குத் தக்க திரும்ப ஏற்றி வருவது அமெரிக்காவின் டிராகன் கலம் ஒன்றுதான். உங்கள் ஊர்க்காரர்களும் 2018-இல் ஒரு சின்னப் பேழையைக் கோனோதோரியோடு அனுப்பி, கடலில் இருந்து எடுத்தார்கள். அதைப் படித்ததும்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் நான் பேனா எடுத்தது இதற்காக இல்லை கண்ணு.

2014 அக்டோபர் 28. சிக்னஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கலத்தோடு அன்டாரெஸ் ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் வெடித்தது. 2015 ஏப்ரல் 28. ப்ரோக்ரஸ் கட்டுப்பாடு இழந்து சுழன்று, பத்து நாளில் எரிந்து விழுந்தது. அதே ஜூன் 28. டிராகன் போன ராக்கெட் நடு வானில் சிதறியது. எட்டு மாதத்தில் மூன்று வண்டி, மூன்றும் 28-ஆம் தேதி. நம் ஆபீசாக இருந்தால் அந்தத் தேதியில் யாரும் டிரிப் ஷீட்டே எழுதியிருக்க மாட்டார்கள்.

மேலே யாரும் பட்டினி கிடக்கவில்லை. சில மாதத்துக்கான கையிருப்பு எப்போதும் இருக்கும்படிதான் கணக்கே போடுகிறார்கள். ஜூலை 3-இல் இன்னொரு ப்ரோக்ரஸ் கிளம்பி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. டிராகனோடு போன நீர்ச் சுத்திகரிப்புப் பாகங்களுக்கு மாற்று, ஆகஸ்டில் கோனோதோரியில் அவசரமாக ஏறியது. அதை மேலே பிடித்தவர் ஜப்பான் விண்வெளி வீரர் கிமியா யுயி. பத்து வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், கோனோதோரிக்குப் பதிலாக வந்த புது வண்டி எச்டிவி-எக்ஸ் முதல் தடவை போனபோது பிடித்தவரும் அவரேதான். சிக்னஸ்காரர்களோ தங்கள் ராக்கெட் சரியாகும்வரை காத்திருக்காமல், வேறொரு கம்பெனியின் அட்லஸ் ராக்கெட்டை வாடகைக்குப் பிடித்து அந்த டிசம்பரிலேயே சரக்கை அனுப்பிவிட்டார்கள். இதுதான் தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை. முதலில் வெடித்த வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்த சோதனைகளும் இருந்தன. பெரும்பாலானவற்றை மறுபடி செய்து, 2015 ஜனவரியிலேயே டிராகனில் ஏற்றிவிட்டார்கள்.

நீ ஒரே ஒரு ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிட்டு, அது கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நீ வந்தால் சந்தோஷம்தான், அது வேறு. உன் படிப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. சரக்கு அனுப்புவதைப் பற்றி உண்டு. ஒரே வண்டியை நம்பி எவனும் மாசக் கணக்குப் போடமாட்டான். இன்னும் இரண்டு இடத்துக்காவது போடு. உங்கள் பேராசிரியர் வருத்தப்படுவார் என்கிறாய். ஐயாவிடம் நேரில் சொல்லிவிட்டே போடு, மறைத்துச் செய்யாதே.

அம்மா பருப்புப் பொடி, மாவடு, எள்ளுருண்டை கட்டி வைத்திருக்கிறாள். பச்சைக் கறிவேப்பிலையை அங்கே லேசில் விடமாட்டார்களாம், அதனால் காயவைத்துப் பொடித்துவிட்டாள். பெட்டியில் இன்னும் ஒரு கிலோவுக்கு இடம் இருக்கிறது. என்ன வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், திங்களன்று தபாலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா