பின்னிஷ் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பின்லாந்துக்குக் குடிவந்தவர்களுக்குப் பின்னிஷ் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும், அதற்குப் பாடநூல் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

'லவுசேன்வஸ்திகே' பற்றித்தான் எழுதுகிறேன். துணைவாக்கியத்துக்குப் பதிலாக வரும் சொற்றொடர் என்று பொருள். நான் படித்த வகுப்பில் இதைக் கடைசியாகத்தான் எடுத்தார்கள், அதுவும் "கஷ்டமான பாடம், பேச்சில் அவ்வளவாக வராது, படித்தால் புரிந்தால் போதும்" என்று பயமுறுத்திவிட்டு. பேச்சில் 'குன்' ('போது'), 'எத்தா' ('என்று') என்கிற இணைப்புச் சொற்களைப் போட்டுச் சமாளிக்கலாம், சரி. ஆனால் செய்தித்தாளையோ அலுவலகக் கடிதத்தையோ பிரித்தால் பத்திக்குப் பத்தி இதுதானே நிற்கிறது?

தமிழ் பேசுகிற எங்களுக்கு இது கஷ்டமே இல்லை என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். 'ஆய்தின் லெய்ப்பொமா கக்கு' என்றால் 'அம்மா சுட்ட கேக்'. சொல்லுக்குச் சொல், அதே வரிசை! இதைப் போய் 'யொன்கா' ('எந்த' மாதிரியான இணைப்புச் சொல்) போட்டு, 'எந்தக் கேக்கை அம்மா சுட்டாரோ அந்தக் கேக்' என்கிற மாதிரி உடைத்துக் காட்டினால்தான் எங்களுக்குக் குழப்பம். 'கூலின் ஹானென் துலெவன்' என்பது 'அவர் வருவதாகக் கேள்விப்பட்டேன்', 'துல்லேன்' என்று மாற்றினால் 'வந்ததாக'. எங்கள் பெயரெச்சமும் 'வருவதாக', 'வந்ததாக' என்கிற வடிவங்களும் செய்கிற வேலையைத்தான் இவையும் செய்கின்றன.

நாங்கள் தடுக்கி விழுகிற இடம் வேறு. 'படித்த பிறகு வீட்டுக்குப் போனேன்' என்றால் படித்தது யார் என்று தமிழில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, முடிக்கிற வினையே சொல்லிவிடும். பின்னிஷில் அப்படி விட முடியாது. நானே படித்து நானே போனால் 'லுவெத்துவனி', கடைசியில் உள்ள 'னி' என்னைக் குறிக்கிறது. அம்மா படித்த பிறகு நான் போனால் 'ஆய்தின் லுவெத்துவ', அங்கே 'னி' கிடையாது, அதற்குப் பதில் அம்மா 'அம்மாவின்' என்று ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடுகிறாள். நாங்கள் அந்த 'னி'யை விட்டுவிடுகிறோம், அம்மாவை எழுவாயாகவே எழுதிவைக்கிறோம். பயிற்சி வேண்டியது இங்கேதான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். வகுப்பில் தமிழ் பேசுகிறவர் இருந்தால், இந்தப் பாடத்தைத் தொடங்கும் முன் "இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். துருக்கி மொழி பேசுகிறவரிடமும் கேட்கலாம், அவரிடமும் இதே மாதிரி எச்சங்கள் உண்டு. அப்புறம் நேராக 'னி'க்கு வந்துவிடுங்கள்.