கிள்ளைப் படகுத்துறையில் உதவிய அண்ணனுக்கு நன்றி

பெயர் கேட்பதற்குள் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்ட அண்ணனுக்கு எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொல்லித் தந்தது பிச்சாவரம் பக்கம் துடுப்புப் படகில் போகிற எல்லோருக்கும் பயன்படும்.

எதிர்க்காற்றில் பாரம் பின்னால் இருந்தால் கேனோ என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகின் முன்முனை தூக்கும். காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும். நீங்கள் 20 லிட்டர் தண்ணீர் கேனை நடுவைத் தாண்டி முன்னே நகர்த்தி, படகின் அடித்தளத்தோடு ஒட்டிப் படுக்கவைத்துக் கட்டினீர்கள். முன்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்தது, படகு நேராகப் போனது. காற்று முதுகில் வந்தால் பாரம் கொஞ்சம் பின்னால். கழிமுகத் தண்ணீர் உப்பு என்பதால் குடிநீரைக் குறைக்கவே கூடாது: ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர்.

சுரபுன்னை வேரில் ஒட்டிய சிப்பி ஓடு பிளேடு மாதிரி அறுக்கும். வேரைக் கையால் பிடிக்காமல் துடுப்பால் தள்ளி விலக வேண்டும். இரவில் படகைக் கரையேற்றிக் குப்புறக் கவிழ்த்துக் கட்டுவதே நல்லது. தண்ணீரிலேயே விடுவதானால் ஏற்றவற்றத்துக்கு ஏற்பக் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி கூடாரத்துக்குச் செய்ததுதான். பொடிமணலில் முளை நிற்காது. கடல்காற்று ஏறினால் பிடுங்கிக்கொண்டு வரும். உங்கள் சாக்குகளிலேயே மணலை நிரப்பி, சாக்கின் நடுவில் கூடாரக் கயிற்றைச் சுற்றி, முழங்கை ஆழத்தில் புதைத்துக் காட்டினீர்கள். விடியும்வரை ஒரு மூலைகூட அசையவில்லை.

சாக்குகளை அலசிக் காயவைத்திருக்கிறோம் அண்ணே, அடுத்த முறை துறையில் கொடுத்துவிடுகிறோம்.