முட்டை வழக்கில் நஷ்டஈடு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க முட்டை வழக்கு பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். முட்டை வாங்கும் உணவு நிறுவனங்களான கிராஃப்ட், கெல்லாக், ஜெனரல் மில்ஸ், நெஸ்லே ஆகிய நான்கும் 2011-ல் தொடுத்த வழக்கு அது. கால்-மெய்ன், ரோஸ் ஏக்கர் ஆகிய முட்டை உற்பத்தி நிறுவனங்களும் இரண்டு முட்டை உற்பத்தியாளர் அமைப்புகளும் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றியதாக 2023 கடைசியில் சிகாகோ ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்ற ஜூரி (நடுவர் குழு) தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 1.77 கோடி டாலர். அங்குள்ள சட்டப்படி மூன்று மடங்காகி 5.3 கோடியைத் தொட்டது. செய்தி அதோடு முடிந்துவிட்டது. எப்படி ஏற்றினார்கள் என்பதுதான் கோழிப்பண்ணைகளுக்கு நடுவே வாழும் எங்களுக்கு முக்கியம்.

சந்தைக்கு வரும் முட்டையைக் குறைத்துத்தான் ஏற்றினார்கள். ஏற்றுமதி செய்தார்கள், கோழிகளை வழக்கத்தைவிட முன்கூட்டியே கழித்தார்கள். இவற்றைவிட என்னை உறுத்துவது கூண்டு விஷயம். ஒரு கோழிக்கு 48 சதுர அங்குலமாக இருந்த இடத்தைப் படிப்படியாக 67-ஆகக் கூட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அதுவும் ஓர் ஏ4 தாள் அளவுகூட வராது. பாவம், அந்த இடமாவது கோழிக்குக் கிடைக்கட்டும். ஆனால் இடம் கூடினால் கூண்டில் கோழி குறையும். போதாதென்று, கூண்டில் ஒரு கோழி செத்தால் அந்த இடத்தில் வேறு கோழியை விடக்கூடாது என்றும் சேர்த்தார்கள். விதியைப் பின்பற்றுவதாகச் சான்று முத்திரை வேண்டுமானால் நிறுவனத்தின் எல்லாப் பண்ணைகளும் விதிக்குள் வந்தாக வேண்டும். கோழி நலனைச் சொல்லி வரத்தைச் சுருக்குவது பெரிய அநியாயம். நாளைக்கு உண்மையான அக்கறையோடு ஒருவர் கூண்டைப் பெரிதாக்கச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உற்பத்தியாளர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வாங்குபவர்கள் கேட்டதால்தான் விதி வந்தது என்றார்கள். வேறு சிலர் தொடுத்த வழக்கில் 2018-ல் பிலடெல்பியா ஜூரி ரோஸ் ஏக்கர் பக்கம்தான் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, பணம் யாருக்கு? வழக்குப் போட்ட நான்கு பெரிய நிறுவனங்களுக்கு. விலை ஏற்றப்பட்ட 2004 முதல் 2008 வரையான காலத்தில் கடையில் முட்டையும் பிஸ்கட்டும் வாங்கிய குடும்பங்களுக்கு இதில் ஒரு டாலர்கூடக் கிடையாது. உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்கியவர்தான் ஃபெடரல் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-ல் இல்லினாய் பிரிக் வழக்கில் சொல்லிவிட்டது. சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் இதற்கு வழி வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் மக்கள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். அடுத்த முறை இப்படி ஒரு தீர்ப்பைப் பற்றி எழுதும்போது, தொகையோடு சேர்த்து அது யார் கைக்குப் போகிறது என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாமக்கல்