உரையாடலை முழுதாகத் தாருங்கள்: குழுக்களை மூடவிருக்கும் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். குழுக்கள் வசதியை நிறுத்தப் போவதாக நீங்கள் அனுப்பிய அறிவிப்பு வந்து சேர்ந்தது. ஏன் நிறுத்துகிறீர்கள் என்பதையும் எழுதியிருந்தீர்கள். அதை எதிர்த்து வாதாட வரவில்லை. ஒரு சேவையைத் தொடங்கியவருக்கு அதை நிறுத்தவும் உரிமை உண்டு. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எங்கள் குழுவில் நடந்த உரையாடலை முழுதாக எங்களிடம் கொடுங்கள். கேள்வி, அதற்கு வந்த பதில், அந்தப் பதிலுக்கு வந்த மறுப்பு எல்லாம் நடந்த வரிசையிலேயே, ஒன்றோடு ஒன்று சேர்ந்தபடி வேண்டும்.

இதைத்தான் உங்கள் உதவிப் பிரிவுக்கும் எழுதினோம். "உங்கள் தரவை நீங்களே டவுன்லோட் செய்துகொள்ளலாம்" என்று ஓர் இணைப்பு வந்தது. அது போதாது, காரணம் இது என்று விளக்கி எழுதினோம். மறுபடியும் அதே பதில், அதே இணைப்பு. எங்கள் கடிதத்தை ஒரு மனிதர் படித்தாரா என்பதே தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுத வேண்டியதாயிற்று.

எங்களுடையது டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் குழு. நான் அதன் அட்மின்களில் ஒருவர். இந்த நோயில் உடல் இன்சுலினைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர் சொல்லித் தருவார். ஆனால் அடுத்த சந்திப்பு வரை ஒவ்வொரு வேளையும் கணக்குப் போடுவது பெற்றோர்தான். ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனால் குளுக்கோஸ், பழச்சாறு போல வேகமாகச் சேரும் சர்க்கரை 15 கிராம் கொடு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார் என்ற விதி எல்லோருக்கும் மனப்பாடம். விதிக்குள் அடங்காத இரவுகள் வரும்போதுதான் குழுவுக்கு வருவோம்.

உங்கள் டவுன்லோட் ஏன் போதாது என்பதை ஒரே ஓர் உரையாடலை வைத்துச் சொல்கிறேன். ஓர் இரவு ஒரு தந்தை எழுதினார்: "பிள்ளைக்கு வாந்தி. எதுவும் சாப்பிடவில்லை. இன்சுலினை நிறுத்திவிடலாமா?" முதலில் வந்த பதில்: "சாப்பிடவில்லை என்றால் எதற்கு இன்சுலின்? இன்றைக்கு விட்டுவிடுங்கள்." நல்ல மனதோடு சொன்ன பதில்தான். ஆனால் தவறான பதில், ஆபத்தான பதில். டைப் 1 பிள்ளை சாப்பிடாவிட்டாலும் உடலுக்கு அடிப்படை அளவு இன்சுலின் தேவை. அதை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறும், உயிருக்கே ஆபத்தாகிவிடும். சில நிமிடங்களில் எங்கள் குழுவில் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் ஒருவர் குறுக்கே வந்தார்: "இல்லை, நிறுத்தவே கூடாது. முதலில் கீட்டோன் பாருங்கள். மருத்துவரை இப்போதே கூப்பிடுங்கள்." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தவறாகச் சொன்னவரே வந்து, "எனக்குத் தெரியாது, நான் சொன்னதைக் கேட்காதீர்கள்" என்று எழுதினார். காலையில் அந்தத் தந்தை திரும்பி வந்தார். கீட்டோன் இருந்ததாம், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம், பிள்ளை தேறி வருகிறதாம்.

அந்த உரையாடலை அன்றே எல்லோர் கண்ணிலும் படும்படி குழுவின் மேலே நிறுத்தி வைத்தோம். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் முதலில் அதைப் படிக்கச் சொல்கிறோம்.

இப்போது உங்கள் வசதிப்படி ஆளாளுக்கு டவுன்லோட் செய்தால் என்ன கிடைக்கிறது? அவரவர் எழுதியது மட்டும். அந்தத் தந்தையின் ஃபைலில் கேள்வியும் காலையில் அவர் சொன்ன செய்தியும் இருக்கின்றன, நடுவில் வந்த பதில் எதுவும் இல்லை. முதலில் பதில் சொன்னவரின் ஃபைலில் "இன்றைக்கு விட்டுவிடுங்கள்" என்ற வரியும், பிறகு "நான் சொன்னதைக் கேட்காதீர்கள்" என்ற வரியும் இருக்கின்றன. ஏன் கேட்கக் கூடாது, என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் திருத்திச் சொன்ன வரி எதுவும் அதில் இல்லை. என் ஃபைலைத் திறந்து பார்த்தேன். தேதி, நேரம், அதன் கீழே நான் எழுதியது: "ஆமாம், அக்கா சொன்னதையே செய்யுங்கள்." அக்கா என்ன சொன்னார்? யாருக்குச் சொன்னார்? எதுவும் இல்லை. அடுத்த வரி: "அளவைப் பாதியாக்கிப் பாருங்கள்." எந்த அளவு, எந்தப் பிள்ளைக்கு, என்ன நிலைமையில்? எழுதிய எனக்கே நினைவில்லை. இன்சுலின் விஷயத்தில் தலையும் காலும் இல்லாத இப்படிப்பட்ட வரி குப்பை மட்டுமல்ல, விஷம். இதை நான் யாரிடம் கொடுக்க முடியும்?

அந்த அக்கா இப்போது உயிரோடு இல்லை. குழுவில் பாதிப் பேருக்கு, சர்க்கரை அளவைக் காட்ட உடலில் ஒட்டும் சென்சாரின் இடத்தை மாற்றக் கற்றுக்கொடுத்தவர், பள்ளி ஆசிரியருக்கு எழுத வேண்டிய கடிதத்தை வரிவரியாகச் சொல்லித் தந்தவர் அவர்தான். அவர் கணக்குக்குள் நுழைந்து டவுன்லோட் பொத்தானை அழுத்த ஆள் இல்லை. உங்கள் ஏற்பாட்டின்படி அவர் எழுதியது யாருடைய ஃபைலிலும் வராது. குழு மூடும் நாளில் அத்தனையும் அழிந்துவிடும்.

இந்த நோயைப் பொறுத்தவரை மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குப் பெயர் சொல்லக்கூடிய சான்றே உண்டு. 2013இல் ஜான் காஸ்டிக் என்ற பொறியாளர், டைப் 1 உள்ள தன் சிறு மகனின் சர்க்கரை அளவை வேலை செய்யும் இடத்திலிருந்தே பார்க்க விரும்பினார். சென்சார் கருவியிலிருந்து எண்ணை எடுத்து இணையத்துக்கு அனுப்பும் நிரலைத் தானே எழுதி, அதை ட்விட்டரில் சொன்னார். அதைப் பார்த்த மற்ற பெற்றோரும் நிரலாளர்களும் கூடினார்கள். அப்படி உருவான நைட்ஸ்கவுட் 2014இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த மூல நிரலாக வெளிவந்தது. அதை நிறுவத் தெரியாதவர்களுக்கு ஃபேஸ்புக் குழுவில் இருந்தவர்கள் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முன்பின் பார்த்திராத ஒருவர் இன்னொருவரின் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து, எந்த வரியில் பிழை என்று காட்டினார். "நாங்கள் காத்திருக்கப் போவதில்லை" என்பது அவர்கள் முழக்கம். நிரலை எழுதியவர்கள் ஒருசிலர். அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது கேள்வியாலும் பதிலாலும்தான்.

மற்றவர்களின் தனியுரிமை என்று நீங்கள் சொல்லக்கூடும். அதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசப்படுவது எங்கள் பிள்ளைகளின் உடல்நிலை. உங்களைவிட எங்களுக்குத்தான் அதில் கவலை அதிகம். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒருவர் தான் கொடுத்த தரவைப் பெற்று வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையைத் தருகிறது. அது மற்றவர்களின் உரிமையைப் பாதிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது தனி மனிதரை மனதில் வைத்து எழுதியது. நான்கு பேர் சேர்ந்து உண்டாக்கிய ஒன்று யாருடையது என்ற கேள்விக்கு அதில் நேரடியாகப் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் அழித்துவிடுவதுதான் முறை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வேண்டாம் என்பவரின் பதிவை நீக்குங்கள். பெயர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண் போடுங்கள். உரையாடலின் வரிசையை மட்டும் கலைக்காதீர்கள்.

இது நடக்காத காரியமும் அல்ல. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டபோது, பொதுவில் திறந்திருந்த சமூகங்களின் உரையாடல்களைப் படிப்பதற்கு மட்டுமான ஆவணமாகக் கூகுள் வைத்திருந்தது. அதே நிறுவனத்தின் இன்னொரு சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்படுவதற்கு முன், பொதுச் சமூகங்களை நடத்தியவர்கள் அங்கிருந்த பதிவுகளை, எழுதியவர் பெயரோடும் படங்களோடும் டவுன்லோட் செய்ய வழி செய்தார்கள். விக்கிப்பீடியாவின் மொத்த உள்ளடக்கத்தையும், கட்டுரைக்குப் பின்னால் நடந்த வாக்குவாதம் உட்பட, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மின்னஞ்சல் வழியாக மக்கள் கூடிப் பேசிய யாஹூ குழுமங்களின் கதை வேறு. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. எல்லாவற்றையும் அழிக்க முதலில் குறித்த நாள் அதே ஆண்டு டிசம்பர் 14. ஏறக்குறைய இருபது ஆண்டுப் பேச்சுக்கு இரண்டு மாதம்கூடத் தரவில்லை. எதிர்ப்பு வந்த பிறகு 2020 ஜனவரி இறுதி வரை நீட்டித்தார்கள். மூடப்படும் தளங்களைச் சேமித்து வைக்கும் ஆர்க்கைவ் டீம் என்ற குழுவின் தன்னார்வலர்கள் இரவும் பகலும் உட்கார்ந்து முடிந்ததை மீட்டார்கள். மீதி போயே போய்விட்டது. உங்கள் அறிவிப்பைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

சொல்லாமல் இருக்க முடியாத இன்னொன்றும் உண்டு. 2024இல் மக்கள் கூடி விவாதிக்கும் ரெடிட் நிறுவனம் தன் தளத்தில் மக்கள் எழுதியவற்றைப் பயன்படுத்தக் கூகுளுக்கு உரிமம் கொடுத்தது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க இத்தகைய பேச்சு தேவைப்படுகிறது. கேள்வியும் பதிலும் சேர்ந்திருப்பதால்தான் அதற்கு மதிப்பு. பணம் கொடுப்பவருக்கு முழு உரையாடலைக் கட்டித் தர இந்தத் துறையில் வழி இருக்கிறது. எழுதிய மக்கள் கேட்டால் மட்டும் வழி இல்லாமல் போகிறது. "சமூகத்தை உருவாக்குங்கள்" என்று எங்களை அழைத்தபோது நீங்கள் சொன்ன சொல் சமூகம். இப்போது மூடும்போது நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் "கணக்கு" ஆகிவிட்டோம். இணையத்தில் நல்ல விஷயங்கள் தேடினாலும் கிடைப்பதில்லை என்று எல்லோரும் புலம்புகிறார்கள். எப்படிக் கிடைக்கும்? அறிந்தவர் சொன்னதெல்லாம் ஒன்று பூட்டிய அரட்டைக் குழுவுக்குள் மேலே மேலே போய் மறைந்துவிடுகிறது, இல்லையென்றால் இப்படி ஒரு நாளில் அழிக்கப்படுகிறது. புதிதாக வரும் பெற்றோர் அதே கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அக்கா போன்றவர் விழித்திருப்பாரா என்பது அவரவர் பிள்ளையின் அதிர்ஷ்டம்.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது. சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

தயவுசெய்து எங்கள் குழுவின் உரையாடலை முழுதாகத் தாருங்கள். எங்கள் குழுவுக்கு மட்டும் இல்லை, கேட்கும் எல்லாக் குழுக்களுக்கும் தாருங்கள். அறிவிப்பில் சொன்ன நாளை ஓராண்டாவது தள்ளி வையுங்கள். அதுவரை புதுப் பதிவு போட முடியாவிட்டாலும் பரவாயில்லை, பழையதைப் படிக்கவாவது வழி விடுங்கள். மறைந்த உறுப்பினர்களின் பதிவுகளை என்ன செய்வது என்று அவர்கள் குடும்பத்தாரிடம் கேட்க எங்களுக்கு அவகாசம் வேண்டும். உறுப்பினர்களின் சம்மதத்தைத் திரட்டுவது, பெயர்களை நீக்கிச் சரிபார்ப்பது எல்லாவற்றுக்கும் எங்களில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். கூலி வேண்டாம்.

மூடும் நாளுக்கு முன்பே பதில் வேண்டும். தானாக வரும் பதிலாக இல்லாமல், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் தம் பெயரைப் போட்டு எழுதும் பதிலாக இருக்கட்டும். நேரில் பேச வேண்டுமென்றாலும் நாங்கள் வருகிறோம்.

மரியாதையுடன்,
குழுவின் அட்மின்களில் ஒருவர்